ஜெர்மன் சம்பந்தி

எல்லாம் ஒண்ணுதானே பகவதி, என்று சொல்லிவிட்டு இவர் வாசலுக்குப் போய்விட்டார், அங்கே நின்றுகொண்டு ஃபிளக்ஸ்காரரிடம் இந்தப் பக்கம் தூக்கு, அந்தப் பக்கம் இறக்கு என்று கையை ஆட்டுவது அடுப்படி ஜன்னல் வழியாக எனக்கு நன்றாகத் தெரிகிறது, எனக்குத்தான் கையை ஆட்ட முடியாது, என் கை சட்டியில் இருக்கிறது. மூன்று தேங்காயின் துருவல். தீயல் குழம்புக்கு வறுக்கிற தேங்காயை விட்டு நகரக் கூடாது, கொஞ்சம் முகத்தைத் திருப்பினால் அடியில் கிடப்பது கறுத்துவிடும், கறுத்த அந்த ஒரு பிடி மொத்தத்தையும் கசக்க வைக்கும், அப்புறம் புளியைக் கரைத்து ஊற்றினாலும் போகாது, வெல்லத்தைத் தட்டிப் போட்டாலும் போகாது. வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு வரும், மஞ்சளிலிருந்து செம்மண்ணுக்கு, செம்மண்ணிலிருந்து காப்பிக்கொட்டைக்கு. அங்கே நிறுத்த வேண்டும். அதற்கு அடுத்தது கரி. அடுப்பை அணைத்தால் மட்டும் போதாது, இரும்புச் சட்டியின் சூடு அணைத்த பிறகும் உள்ளே வேலை பார்த்துக்கொண்டே இருக்கும், உடனே தாம்பாளத்தில் கொட்டிப் பரப்ப வேண்டும். இது தெரியாமல் முப்பது வருஷமாக இந்த வீட்டில் ஒரே வசனம், என்னமோ கருகுதே. கருகவில்லை. வறுபடுகிறது. கருகுவதும் வறுபடுவதும் ஒன்றா என்றால் இவர்களுக்கு ஒன்றுதான். எல்லாம் ஒண்ணுதானே. அந்தத் தானேயை யாராவது பிடித்து என் கையில் கொடுத்தால் அம்மியில் வைத்து அரைத்துவிடுவேன், மிக்ஸியில்கூட இல்லை, அம்மியில், கை வலிக்க வலிக்க.

ஃபிளக்ஸ் கேட்டுக்கு மேலே பாதி ஏறிவிட்டது. மாடியை மறைக்கிற அளவுக்கு. இந்த உறையூரில் காது குத்துக்கு ஃபிளக்ஸ், பூப்பு நீராட்டுக்கு ஃபிளக்ஸ், செத்தவருக்கும் சிரித்த முகத்தோடு ஃபிளக்ஸ், அதனால் நாளை மறுநாள் நடக்கப்போகிற பெண்ணின் கல்யாணத்துக்கு வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என்ன எழுதுகிறீர்கள் என்றுதான் கேட்டேன். இடது பக்கம் கோட்டு சூட்டில் இவர். வலது பக்கம் கைகூப்பியபடி இவருடைய அண்ணன் வைத்தியலிங்கம், என் பெரியத்தான். நடுவில் என் மகள் தாரிணியும் அவள் கட்டிக்கொள்ளப் போகும் எஸ்பெனும். கீழே மூலையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நான், எந்தக் காலத்து ரேஷன் கார்டு போட்டோவிலிருந்து எடுத்தார்களோ, ஏதோ பிக்பாக்கெட் கேஸில் பிடித்துவைத்த மாதிரி ஒரு முழி. இவர்களுக்கெல்லாம் பின்னால் கறுப்பு, சிவப்பு, மஞ்சளில் ஜெர்மன் கொடி, ஒரு கோட்டை, கொம்பு வைத்த இரும்புத் தொப்பி, எல்லாவற்றுக்கும் உச்சியில் இறக்கையை விரித்த ஒரு கறுப்புக் கழுகு. கழுகுக்குக் கீழே மஞ்சள் எழுத்தில், ஜெர்மன் சம்பந்தி அவர்களை வருக வருக என வரவேற்கிறோம். மாப்பிள்ளை நார்வேக்காரன். காலையில் சுருட்டி எடுத்து வந்ததை நடையில் விரித்தபோதே கேட்டேன், ஏண்ணே, கழுகு எதுக்கு. ஃபிளக்ஸ் அடிக்கிற இருதயராஜ் பாவம், நல்ல மனுஷன். சார் நார்ஸ்னு ஒண்ணு சொன்னாரு, ஜெர்மன்னு ஒண்ணு சொன்னாரு, ரெண்டையும் தேடி எது கெத்தா இருக்கோ அதைப் போடுன்னாரு அக்கா, தொப்பி அதுல வந்துச்சு, கழுகு இதுல வந்துச்சு, என்றார். அந்தக் கொம்புத் தொப்பியை அங்கே எவனும் போட்டதே இல்லை, பிற்காலத்தில் எவனோ நாடகத்துக்கு உடுப்பு தைத்தவன் மாட்டிவிட்டது, அது போகட்டும், தொப்பிதானே, கழற்றினால் போயிற்று. கழுகைத்தான் கழற்ற முடியாது.

இவர் பொய் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. பொய்யைத் தட்டிவிட்டுப் போகலாம், எறும்பைத் தட்டுகிற மாதிரி. இவர் போனை நீட்டிக் காட்டினார். படி, உன் கான்வென்ட் இங்கிலீஷ்லயே போட்டிருக்கான், நார்ஸ் மக்கள் ஒரு ஜெர்மானிக் இனக்குழு, போட்டிருக்கா இல்லையா. போட்டிருக்கிறது. சரியாகத்தான் போட்டிருக்கிறது. அதுதான் எரிகிறது, சரியான ஒரு வாக்கியத்தைக் கொண்டே ஒருத்தரை இல்லாமல் ஆக்கிவிடலாம் என்பது. நாகர்கோவிலில் எங்கள் சிஸ்டர் பெர்பெச்சுவா கரும்பலகையில் பெரிய வட்டம் போட்டு அதற்குள் சின்ன வட்டம் போடுவாள், உள்ளே இருப்பது வெளியேயும் இருக்கிறது, வெளியே இருப்பதெல்லாம் உள்ளே இல்லை, அவ்வளவுதான், இதற்கு மேல் என்ன இருக்கிறது புரியாமல் போக. ஜெர்மானிக் என்பது பெரிய வட்டம், ஒரு பாஷைக் குடும்பத்துக்கும் அதைப் பேசிக்கொண்டு ரோம் ராஜ்ஜியத்துக்கு வடக்கே திரிந்த பழைய கூட்டங்களுக்கும் சேர்த்து வைத்த பேர், அதில் கோத் கூட்டத்தார் உண்டு, சாக்ஸன்கள் உண்டு, இன்றைய ஜெர்மன் உண்டு, டச்சு உண்டு, ஏன், இங்கிலீஷே உண்டு. நார்ஸ் அதற்குள்ளே ஒரு சின்ன வட்டம், வடக்கே நார்வே, டென்மார்க், ஸ்வீடன், அப்புறம் கடல் தாண்டி ஐஸ்லாந்து என்று போய் உட்கார்ந்த கிளை, அவர்கள் அந்தக் காலத்தில் பேசிய பாஷைக்கும் அதே பேர். அவர்களில் கப்பலேறிக் கொள்ளையடிக்கப் போனவனுக்கு வைக்கிங் என்று பேர், அது தொழில், ஜாதகம் இல்லை. ஜெர்மன் என்பது இன்றைக்கு இருக்கிற ஒரு நாட்டுக்காரன். இன்று வியாழக்கிழமை, இங்கிலீஷில் இந்தக் கிழமைக்கு வைத்த பேர் இடிச்சாமியின் பேர், வடக்கே அவர் தோர், பழைய இங்கிலீஷில் துனோர், ஜெர்மன்காரர்களிடம் டோனார். மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். அதற்காக ஒருத்தன் கல்யாணத்துக்கு இன்னொருத்தன் பேரைப் பத்திரிகையில் அடிப்போமா.

நான் இவ்வளவையும் சொன்னேன், குரலை உயர்த்தாமல் சொன்னேன், அதுவே பெரிய காரியம். இவர் மின்வாரியத்தில் என்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர், எதையும் கம்பி வழியாகத்தான் யோசிப்பார். மெயின்லேர்ந்துதான் லைன் பிரியுது, எங்க போனாலும் கரண்ட் ஒண்ணுதானே, என்றார். அப்ப வீட்டு மிக்ஸியைக் கொண்டுபோய் டவர் லைன்ல சொருகுங்க, கரண்ட் ஒண்ணுதானே, என்றேன். பெரியத்தான் காப்பி டம்ளருக்குள் சிரித்தார். இவருக்கு முகம் சுருங்கியது. நம்ம பாஷையும் தெலுங்கும் ஒரே திராவிடக் குடும்பம்தானே, உங்களை மேடையில ஏத்தி நம்ம தெலுங்குச் சம்பந்தின்னு மாலை போட்டா சும்மா இருப்பீங்களா, என்றும் கேட்டேன். அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம், நார்வேன்னா இந்தத் தெருவுல எவனுக்குத் தெரியும், ஜெர்மன்னா ஒரு மரியாதை, என்றார். அங்கேதான் இருக்கிறது விஷயம். ஸ்டுட்கார்ட்டுக்கு ஒருமுறை ட்ரெயினிங் என்று இரண்டு வாரம் போய்வந்தார், தாரிணி அப்போது எல்.கே.ஜி, அன்றிலிருந்து இந்த வீட்டில் கத்தரிக்கோல் ஜெர்மன் எஃகு, குழாய்த் திருகு ஜெர்மன் நேர்த்தி, நேரத்துக்கு வருகிற பால்காரன் ஜெர்மன்காரன் மாதிரி. மாப்பிள்ளையும் ஜெர்மனாக வந்தால் செட் முழுமையாகும். பையன் பெர்கன் என்ற ஊரில் கடல் ஓரமாகப் பிறந்துவிட்டது அவன் செய்த தப்பு.

மஞ்சள் வந்துவிட்டது. தீயைக் குறைக்கிறேன். தாரிணி போன மாதம் போனில் சொன்னதை நான் யாரிடமும் இந்த வாயால் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை, முடிக்க விட்டால்தானே. எஸ்பெனுக்கு அப்பா இல்லை, சின்ன வயதிலேயே போய்விட்டார், வளர்த்தது தாத்தா ஹால்வர்தான். தொண்ணூறைத் தொடப்போகிற மனுஷன், இவ்வளவு தூரம் வரமாட்டேன் என்றவரை இந்தப் பெண்தான் மெனக்கெட்டு வர வைத்தாள். அவருடைய அப்பா கடலோர ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். யுத்தத்தில் ஜெர்மன் பட்டாளம் நார்வேயைப் பிடித்தது. வந்தவர்கள் உதைத்துக்கொண்டு மட்டும் வரவில்லையாம், கொஞ்சிக்கொண்டும் வந்தார்கள், நீங்களும் நாங்களும் ஒரே ஜெர்மானிக் ரத்தம், அண்ணன் தம்பி, எல்லாம் ஒன்றுதானே என்று. இதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய வாத்தியார்கள் ஆயிரக்கணக்கில். ஹால்வரின் அப்பாவும் போட்டார். ஒரு நாள் வந்து பாடம் நடக்கும்போதே கூட்டிக்கொண்டு போனார்கள், முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது இந்த ஹால்வர், ஆறு வயசுப் பையன். கப்பலில் அடைத்து வடகோடிக்குக் கொண்டுபோய்த் துறைமுகத்தில் மூட்டை இறக்க விட்டார்கள். திரும்பி வந்தவருக்கு ஒரு கையில் இரண்டு விரல் இல்லை, குளிர் தின்றுவிட்டது. அதற்குள் பள்ளிக்கூடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது, வாசல் நிலைக்கு மேலே அவர்கள் சின்னமான கழுகு. அவர் ஜெர்மன்காரங்க மேல எல்லாம் கோபமா இல்லம்மா, பக்கத்து வீட்டுக்காரரே ஹாம்பர்க்காரர்தான், ரெண்டு பேரும் சேர்ந்து மீன் பிடிக்கப் போவாங்க, என்றாள் தாரிணி. ஆனா அவரைப் பார்த்து நீங்களும் அவங்களும் ஒண்ணுதானேன்னு சொன்னா அங்க இருக்கமாட்டார், சண்டை எல்லாம் போடமாட்டார், கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவார், எஸ்பெனோட கசின் கல்யாணத்துல அப்படித்தான் கிளம்பினார். கிளம்பினால்? எஸ்பென் கூடப் போவான்மா. போகாம நின்னா நான் அவனை மதிக்கமாட்டேன். அப்பாகிட்ட நீதான் சொல்லணும். நீதான் சொல்லணும். இந்த வீட்டில் நான் சொல்லி எது நடந்திருக்கிறது, சாம்பாரில் உப்பைத் தவிர.

கை வலிக்கிறது, கையை மாற்றுகிறேன், இடது கையால் கிண்டினால் ஓரத்தில் இருப்பது நகராது, மறுபடி வலது கை. வலது மணிக்கட்டு. அப்பாவுக்கு வலது மணிக்கட்டு நேராக இருக்காது, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, இலையில் சோறு பிசையும்போது கை ஏதோ யோசிக்கிற மாதிரி இருக்கும். எங்கள் ஜில்லா அப்போது திருவிதாங்கூரோடு இருந்தது, நாங்கள் தமிழர், எங்களைத் தமிழ்நாட்டோடு சேர் என்று ஊர்வலம் போனபோது அப்பாவுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை, போலீஸ் லத்தி அந்த மணிக்கட்டில் விழுந்தது. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் திரும்பியே வரவில்லை, சுட்டுவிட்டார்கள். அந்த அப்பா என்னைக் கும்பகோணத்துக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார், காவேரித் தண்ணீர், நல்ல தமிழ் என்று சந்தோஷப்பட்டுக் கொடுத்தார். வந்த அன்றே மாமியார் என் பேரைக் கேட்டுவிட்டு, பகவதியா, மலையாளப் பேராச்சே. எனக்க பெட்டி எங்க என்று நான் கேட்டதற்கு ஒரு வீடே விழுந்து விழுந்து சிரித்தது, எனக்கவாம், எனக்க, பேசுது பாரு மலையாளம். தீயல் வைத்தால் மலையாளக் குழம்பு. அவியலில் தயிர் ஊற்றவில்லை என்றால் மலையாளம், ஊற்றினாலும் மலையாளம். நான் தமிழ்தாங்க என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தேன், அட எல்லாம் ஒண்ணுதானே பகவதி, இதுக்குப் போய். பிறகு என் வாயிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாக நானே கழற்றி வைத்தேன், நகையைக் கழற்றி பீரோவில் வைக்கிற மாதிரி. இப்போது நான் பேசினால் யாருக்கும் சந்தேகம் வராது. அதற்காக என்னைப் பாராட்டுகிறார்கள் வேறு.

அதுகூடப் பரவாயில்லை. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனசு முட்டிக்கொண்டு நிற்கிறது, தாண்டிப் போகாது. என் கல்யாணத்தன்று மத்தியானம். பந்தி. பெரியத்தான் மைக்கைப் பிடித்துக்கொண்டார், மைக் கிடைத்தால் விடமாட்டார், மலையாளச் சம்பந்தி எல்லாரும் சாப்பிட வாங்க, மலையாளச் சம்பந்திக்கு ரெண்டாவது வரிசை. மண்டபம் சிரித்தது. அந்தப் பேரை வைத்தவர்கள் குறும்பாகத்தான் வைத்தார்கள், கெட்ட எண்ணம் இல்லை, கெட்ட எண்ணம் இருந்திருந்தால் அப்பா பதில் சொல்லியிருப்பார், கெட்டிக்காரர். நான் மணவறைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பருப்பும் நெய்யும் விழுந்த சோற்றுக்கு மேலே அப்பாவின் கை நின்றது. அந்தச் சாய்ந்த கை. பிசையவும் இல்லை, எடுக்கவும் இல்லை, அப்படியே நின்றது, பிறகு பக்கத்தில் இருந்தவர் ஏதோ சொல்ல, சிரித்தார், சாப்பிட்டார். முழுதும் சாப்பிட்டார். பெண்ணைக் கொடுத்தவர், எழுந்து போக முடியுமா. இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சொல்லவும் இல்லை, நானும் கேட்கவில்லை, இப்போது கேட்பதற்கு அவர் இல்லை. இருந்தால் ஹால்வருக்குச் சம வயசு. இரண்டு கிழவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கலாம், ஒருத்தருக்கு விரல் போன தகப்பன், ஒருத்தருக்கு மணிக்கட்டு, பாஷை தெரியாவிட்டால் என்ன.

செம்மண் நிறம். புகை கண்ணில் படுகிறது, கண்ணீர் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். மேடைமேல் போன் அடிக்கிறது, இடது கையால் காதில் வைத்து தோளால் அழுத்திக்கொள்கிறேன். அம்மா, வண்டி புத்தூர் தாண்டிருச்சு. தாத்தா எப்படி இருக்கார். ஜன்னல் பக்கமா உக்காந்து ஒவ்வொரு ஃபிளக்ஸா பாத்துக்கிட்டு வரார், இது யாரு, அது யாருன்னு கேக்கறார், நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கும்னு எஸ்பென் சொல்லிட்டான், ஆசையா இருக்காராம். அவள் சிரிக்கிறாள். சிரிப்பு பாதியில் நிற்கிறது. அம்மா, அப்பாகிட்ட சொல்லிட்டதானே. தேங்காயைப் பார்க்கிறேன். சொல்லிட்டேன், வா. சொன்னது நிஜம்தான். ஆசையாக இருக்கிறாராம். ஆசையாகக் கழுத்தை நீட்டி மேலே பார்ப்பார், தொண்ணூறு வயசுக் கண்ணுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் கொடி தெரியும், கழுகு எட்டு ஊருக்குத் தெரிகிற மாதிரி அடித்திருக்கிறார்கள், அதற்குக் கீழே இவர் கையை விரித்துக்கொண்டு போய், மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிற ஜெர்மன் வில்கொம்மென்னைச் சொல்லி, நார்ஸ், ஜெர்மானிக், ஆல் சேம் ஃபேமிலி என்பார். சொல்லுவார். இவரை எனக்குத் தெரியும். அந்தக் கிழவரின் கை எதன் மேலேயாவது அப்படியே நிற்கும், வேன் கதவின் மேலே, கைத்தடியின் மேலே. அதை நான் பார்ப்பேன். நின்று பார்ப்பேன், முப்பது வருஷத்துக்கு முன்னால் பட்டுப்புடவையில் நின்று பார்த்த மாதிரி, இன்றைக்கு நைட்டியில். எனக்குப் பயமா, கோபமா என்று தெரியவில்லை, காதுக்குள் சத்தம் கேட்கிறது. பெரியத்தான் அடுப்படிக்குள் தலையை நீட்டுகிறார், என்னம்மா, என்னமோ கருகுதே. நான் பார்த்தேன். காப்பிக்கொட்டை. சரியாகக் காப்பிக்கொட்டை. அடுப்பை அணைத்தேன், துணியைச் சுற்றிச் சட்டியைத் தூக்கினேன், தாம்பாளத்தில் கொட்டிக் கரண்டியால் பரப்பினேன், ஒரு துணுக்கு வாயில் போட்டுப் பார்த்தேன், கசப்பில்லை. பிறகு டிராயரைத் திறந்து ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்த கத்தரிக்கோலை எடுத்தேன். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், நல்ல எஃகு.

வாசலில் இவர் கட்டி முடித்த ஃபிளக்ஸுக்குக் கீழே நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ராத்திரி பெய்த மழை கேட்டுக்கு முன்னால் குளமாக நின்றது, அதைத் தாண்டி ஒதுங்கி நின்று எடுத்தார், ஷூ நனையாமல். இருதயராஜ் ஏணியை எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணே, ஏணி இருக்கட்டும், என்றேன். ஏறினேன். என்ன செய்யப்போகிறேன் என்று யாருக்கும் தோன்றவில்லை, பூ கட்டப்போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். கழுகு என் முகத்துக்கு நேரே இருந்தது, மையின் வாசம் இன்னும் போகவில்லை. முதல் கயிற்றை அறுத்தபோதுதான் இவர் போனிலிருந்து தலையை எடுத்தார். ஏய், என்ன பண்ற. அறுக்கேன். பைத்தியமா உனக்கு, இப்ப வந்துருவாங்கடி. வருவாங்கல்லா, அதுக்குத்தான் அறுக்கேன். என் வாய் எனக்கே வித்தியாசமாகக் கேட்டது, எத்தனை வருஷத்துக்குப் பிறகு பீரோ திறந்தது. பெரியத்தான் ஓடிவந்தார், ஏம்மா, வேட்டி கட்டின மனுஷன் ரெண்டு பேரு முகம் அதுல இருக்கு. ஒருத்தர் கோட்டு போட்டிருக்காரு, என்றேன். இரண்டாவது கயிறு. இவர் ஏணிக்குக் கீழே வந்து குரலைத் தாழ்த்தினார், தெரு கேட்கக் கூடாதே, பகவதி, நான் தப்பா எதுவும் எழுதலை, நீயே படிச்ச, சரின்னு சொன்ன. அப்போது நான் ஏணியிலிருந்தபடியே சொன்னேன், சத்தமில்லாமல்தான் சொன்னேன், சரியாத்தான் எழுதியிருக்கு. வரப்போற தாத்தாவுக்க அப்பனைக் கூட்டிக்கிட்டுப் போன பட்டாளத்தானும் இதையேதான் சொன்னான், சரியாத்தான் சொன்னான். எங்க அப்பாவை உங்க அண்ணன் மைக்குல கூப்பிட்டாரே, அப்பவும் எல்லாரும் ஒண்ணுதானேன்னுதான் சொன்னீங்க. அப்பா கை இலை மேல நின்னுது. நீங்க பாக்கலை. நான் பாத்தேன். இவர் என்னைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். பெரியத்தான் கண்களை வேறெங்கோ வைத்துக்கொண்டார், அவருக்கு ஞாபகம் இருக்கிறது, இல்லாமல் போகவில்லை. மூன்றாவது கயிற்றை நான் அறுத்தேன். நான்காவதை இருதயராஜ் அவிழ்த்துவிட்டார், அக்கா, அது நல்ல கயிறு, அறுக்க வேணாம்.

ஃபிளக்ஸ் மடங்கிச் சரிந்து குப்புற விழுந்தது. முகங்கள் கீழே, பின்பக்க வெள்ளை மேலே. இரண்டு மூலையைப் பிடித்து இழுத்து, கேட்டுக்கு முன்னால் தேங்கிய தண்ணீருக்கு மேலே விரித்தேன், வேன் நிற்கும் இடத்திலிருந்து படி வரைக்கும் சரியாக வந்தது. தெருமுனையில் வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது. இவர் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார், அதற்கடியில் எங்கோ தன் கோட்டு இருக்கிறது என்று தெரிந்த மாதிரி. வேன் நின்றது. தாரிணி முதலில் இறங்கினாள், மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், என் கையில் கத்தரிக்கோலைப் பார்த்தாள், தாத்தாவுக்கு வேன் கதவை அகலத் திறந்துவிட்டாள், என் பெண் அல்லவா. எஸ்பெனின் தோளைப் பிடித்துக்கொண்டு கிழவர் இறங்கினார், ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், இந்த வெயிலில் கோட்டு. வெள்ளை விரிப்பின் மேல் ஒவ்வொரு அடியாக வைத்து வந்தார், அதை எங்கள் ஊர் மரியாதை என்று நினைத்திருக்கலாம், நினைக்கட்டும், பொய்யில்லை. இவர் கைகூப்பினார். வாய் திறந்தது. நான் கத்தரிக்கோலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன், வேறொன்றும் செய்யவில்லை. வெல்கம் ஃப்ரம் நார்வே டு ட்ரிச்சி, என்றார் இவர், ஸ்கூல் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி. பரவாயில்லை. இங்கிலீஷை அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.

கிழவர் படியேறி நடையில் நின்றார். மூக்கை லேசாகத் தூக்கினார். இதோ, கிழவரும் கேட்கப்போகிறார், என்னமோ கருகுதே என்று, இத்தனைக்கும் பிறகு. காப்பியா, என்று இங்கிலீஷில் கேட்டார், என்னைப் பார்த்து. அவர்கள் ஊரில் காப்பிக்கொட்டை வறுத்தால் இப்படித்தான் மணக்குமோ என்னவோ. இல்லை, காப்பி இல்லை, என்றேன். அப்படியா, என்று தலையை ஒரு பக்கம் சாய்த்தார். அப்ப இது என்ன? நின்றுகொண்டே கேட்டார், உள்ளே போகாமல், பதில் தெரிந்த பிறகுதான் போவேன் என்கிற மாதிரி. முப்பது வருஷத்தில் இந்த நடையில் நின்று யாரும் இதைக் கேட்டதில்லை, எல்லாருக்கும் முன்னாலேயே தெரிந்திருந்தது. பக்கத்தில் இவர் தொண்டையைச் செருமினார், உதவி செய்கிறாராம், அது ஒண்ணுமில்லை சார், ஒரு மாதிரி குழம்பு, கேரளா டைப்பு...

நீங்க சும்மா இருங்க, என்றேன். எனக்க குழம்பு. நான் சொல்லிக்கிடுகேன்.